குருவி ஐயர் ஊரில் நான்கு நாள்

முதல் நாள், வியாழன்: பேசிங்ஸ்டோக்

இங்கிலாந்தில் மகள் வீட்டுக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது. பேரனைப் பள்ளியில் விடுவது, மூன்றே கால் மணிக்குக் கூட்டி வருவது, நடுவில் இரண்டு தடவை டீ. நேற்று ராத்திரி சாப்பிடும்போது மகள்தான் ஆரம்பித்தாள். "அப்பா, உங்க குருவி ஐயர் ஊரு இங்கருந்து முக்கால் மணி நேரந்தான். நாளன்னைக்கு எனக்கு லீவு. போவமா?"

குருவி ஐயர் என்பது கில்பர்ட் ஒயிட்டுக்கு எங்கள் வீட்டில் வைத்த பெயர். திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. குடும்பங்களில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். இவர் 1720ல் பிறந்து 1793ல் இறந்த ஆங்கிலிக்கன் குருவானவர். பிறந்ததும் இறந்ததும் செல்போர்ன் என்ற ஒரே கிராமத்தில். அந்த ஊர்ப் பறவை, பூச்சி, மரம், மழை, பனி பற்றி நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களைத் தொகுத்து ஒரே ஒரு புத்தகம் போட்டார். செல்போர்னின் இயற்கை வரலாறு. நான் எங்கள் பக்கத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்துக்கு நோட்டுப் புத்தகத்தோடு போய் நாரை எண்ணத் தொடங்கிய காலத்தில், பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒரு பிரதி கிடைத்தது. அன்றிலிருந்து என் மேசையில்தான் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் நான் அதை எடுத்து வாசிக்கக்கூடாது என்று வீட்டில் ஒரு தடையுத்தரவும் இருக்கிறது.

நாளை வரை காத்திருக்க மனசில்லை. இந்த பேசிங்ஸ்டோக்கிலேயே அவர் தடம் ஒன்று உண்டு. சிறுவனாக இருந்தபோது இங்கேதான் படித்தார். ஊரின் விகாராக, அதாவது ஊர் ஆலயத்தின் பொறுப்புக் குருவாக இருந்த தாமஸ் வார்ட்டன்தான் ஆசிரியர். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்தவர். ரயில் நிலையத்துக்கு வடக்கே, பழைய கல்லறைத் தோட்டத்துக்குள் பரிசுத்த ஆவி சிற்றாலயத்தின் இடிபாடு நிற்கிறது. பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு நடந்தே போய்விட்டேன். உடைந்த சுவர்கள், காரை உதிர்ந்த ஒரு கோபுரத் துண்டு. பக்கத்திலேயே லண்டன் ரயில் தடதடத்துப் போகிறது.

வயதான பிறகு ஒயிட் ஒரு சங்கதியை ஒப்புக்கொள்கிறார். பள்ளிக் காலத்தில் இந்த இடிபாட்டின் ஒரு பகுதியை அடியில் தோண்டிச் சாய்த்தார்களாம். தான் அதைக் கண்ணால் பார்த்தவன், ஒருவேளை அதில் கைவைத்தவனாகவும் இருக்கலாம் என்று எழுதுகிறார். "ஒருவேளை"யாம். இரண்டு குருவிகளை இறகளவில் வேறுபடுத்தத் தெரிந்த மனுசனுக்கு, தான் மண்வெட்டி பிடித்தோமா இல்லையா என்பது மட்டும் நினைவில்லை.

மூன்று மணிக்கு மழை. குடை கொண்டுபோகவில்லை. இந்த ஊரில் குடை இல்லாமல் வெளியே போகாதே என்று முதல் நாளே மாப்பிள்ளை சொல்லியிருந்தார்.

இரண்டாம் நாள், வெள்ளி: செல்போர்ன்

காரில் ஆல்டன் வழியாக வந்தோம். ஆல்டனைத் தாண்டியதும் சாலை சுருங்கி, இரு பக்கமும் வேலிச்செடி ஏறிவிடுகிறது. வேலி முழுக்க வெள்ளைப் பூ. திடீரென்று வலப்பக்கம் ஒரு பச்சைச் சுவர் எழும்பியது. அதுதான் ஹேங்கர், ஊருக்குப் பின்னால் பீச் மரங்கள் அடர்ந்த சுண்ணாம்புக் குன்று. ஊருக்கு மேல் 300 அடி என்று ஒயிட் கணக்குச் சொல்கிறார். அகஸ்தியர் மலையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது பொத்தைதான். ஆனால் மே மாதப் பீச் இலையை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. அரசந்தளிர் வெயிலில் மின்னுமே, அந்த மெல்லிசு. ஒரு மலை முழுக்க அப்படி.

அவர் வீட்டுக்கு வேக்ஸ் என்று பெயர். பிறந்தது இங்கே அல்ல, எதிரே ஆலயத்தை ஒட்டிய குரு இல்லத்தில். அப்போது ஊரின் விகார் அவருடைய தாத்தா, அவர் பெயரும் கில்பர்ட் ஒயிட்தான். தாத்தா இறந்தபின் குடும்பம் சாலையைக் கடந்து இந்த வீட்டுக்கு வந்தது. இவருக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும். அதன்பின் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஆண்டுகளைக் கழித்துவிட்டால், சாகும்வரை இந்தக் கூரைதான்.

இப்போது மியூசியம். உள்ளே கண்ணாடிக்குள் புத்தகத்தின் கைப்பிரதி இருக்கிறது. அடித்தல் திருத்தலோடு ஓடும் சாய்வான கையெழுத்து. மகள் இரண்டு தடவை கூப்பிட்டும் அங்கிருந்து நகர முடியவில்லை. மாடியில் அவர் கட்டில். அதைச் சுற்றித் தொங்கும் திரைச்சீலை அத்தைமார் கையால் பூவேலை செய்து கொடுத்தது. அவர் முகம் எப்படி இருந்தது என்று பார்க்கத்தான் ஒழுங்கான ஓவியம் ஒன்றும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் பட்டம் வாங்கியபோது கவிஞர் அலெக்ஸாண்டர் போப் கையால் பரிசாகப் பெற்ற ஹோமரின் இலியட் மொழிபெயர்ப்பில், நண்பர் ஒருவர் பேனாவால் கிறுக்கிவைத்த இரண்டு சின்னப் படம், அவ்வளவுதான்.

மாடியின் இன்னொரு பகுதி கேப்டன் ஓட்ஸுக்கு. 1912ல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் கூடாரத்தைவிட்டுப் பனிக்குள் நடந்து போனாரே, அவர்தான். ஓட்ஸ் குடும்பத்துப் பணத்தில்தான் 1950களில் இந்த வீட்டை மியூசியமாக்க வாங்கினார்களாம். ஊரைவிட்டே நகராத ஒருவருக்கும் உலகத்தின் நுனிவரை போன ஒருவருக்கும் ஒரே வீடு. பேரன் இருந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பான். நான் ஐந்து நிமிஷத்தில் இறங்கிவிட்டேன்.

தோட்டத்துக்கு வந்தால்தான் மனுசர் புரிகிறார். கடிதங்களுக்கெல்லாம் முன்பு, 1751லேயே அவர் எழுதத் தொடங்கியது தோட்டக் கணக்குதான். எந்தத் தேதியில் எந்த விதை, எத்தனை வண்டிச் சாணி என்று. குதிரைச் சாணியைக் குவித்து, அது புளித்து எழுப்பும் சூட்டில் முலாம்பழம் வளர்த்திருக்கிறார். இந்தக் குளிரில் முலாம்பழம்! பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சாணி கடன் வாங்கியதும் அதில் இருக்கிறது. தோட்டத்துக்கும் அப்பாலுள்ள வயலுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளச்சுவர் ஓடுகிறது. இதை ஹாஹா என்கிறார்கள். 1761ல் கட்டியது. மாடு உள்ளே வராது, வேலியும் பார்வையை மறைக்காது. தூரத்தில் ஹெர்குலிஸ் சிலை ஒன்று. பெரிய பிரபுக்கள் தோட்டத்தில் பளிங்கில் வைப்பார்கள். இவருக்குக் கட்டுப்படியாகாது. பலகையில் ஆள் உருவமாக வெட்டி வர்ணம் பூசி நிறுத்திவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் சிலை, கிட்டே போனால் பலகை. நம்மூர் கட்அவுட்டேதான். இப்போது நிற்பது அதன் நகல்.

இந்தத் தோட்டத்தில்தான் டிமதி என்ற ஆமை இருந்தது. சசெக்ஸில் ரிங்மர் என்ற ஊரில் அவருடைய அத்தை வளர்த்தது. அத்தை 1780ல் இறந்ததும் இவர் போய், மண்ணுக்குள் குளிர்காலத் தூக்கத்தில் இருந்த ஆமையைத் தோண்டி எடுத்து, மண்ணோடு பெட்டியில் வைத்து 80 மைல் குதிரை வண்டியில் கொண்டுவந்தார். வண்டிக் குலுக்கலில் ஆமை முழித்துக்கொண்டது. தோட்டத்தில் இறக்கிவிட்டதும் அதன் மறுகோடிவரை இரண்டு தடவை நடந்து போனதாம். பேசும் குழாயை வாயில் வைத்து அதன் முன்னால் உரக்கக் கத்திப் பார்த்திருக்கிறார். ஆமை சட்டை செய்யவில்லை. தேன்கூட்டுக்கு முன்னாலும் கத்தினார், தேனீயும் சட்டை செய்யவில்லை. ஒரு குருவானவர் தோட்டத்தில் நின்று ஆமையைப் பார்த்துச் சத்தம் போடுவதை வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்! அவர் இறந்த மறு வருஷம் ஆமையும் இறந்தது. ஓட்டைப் பிற்பாடு ஆராய்ந்தவர்கள் அது பெண் ஆமை என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பதின்மூன்று வருஷம் "அவன்" என்றே எழுதிவந்தார், பாவம்.

சாப்பாட்டுக்கு அப்புறம் ஜிக்ஜாக் ஏறினேன். 1753ல் கில்பர்ட்டும் தம்பி ஜானும் குன்றின் முகத்தில் வெட்டிய வளைவுப் பாதை. மகள் "முட்டி வலிக்கும், வேண்டாம்ப்பா" என்றாள். வலிக்கத்தான் செய்தது. நான்காவது வளைவில் பிடிமானத்துக்காகச் செடி ஒன்றைப் பற்றினேன். நம்மூர் செந்தட்டிக்கு அண்ணன். உள்ளங்கை எரிந்துகொண்டே மீதி ஏறினேன். உச்சியில் ஒரு கல் கிடக்கிறது, அதில் கைவைத்து வேண்டிக்கொண்டால் நடக்குமாம். எரிகிற கையைத்தான் வைத்தேன்.

அங்கே நின்றபோது மகளின் கைப்பேசிச் செயலி மூன்று பறவைகளின் பெயரைக் காட்டியது. அதில் ஒன்று சிஃப்சாஃப். "சிஃப், சாஃப்" என்று அதுவே தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும். ஒயிட்டுக்கு முன்னால் எல்லாரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவைத்த சின்னக் கதிர்க்குருவிகளை மூன்று இனம் என்று பிரித்தவர் அவர்தான். குரலில் தொடங்கினார். மூன்றின் பாட்டும் வேறு என்று காதில் விழுந்தது. பிறகு மூன்றையும் முன்னால் வைத்து அளந்து பார்த்தார். வைத்து என்றால் செத்த பறவையை. அந்தக் காலத்தில் பறவை பார்ப்பதற்குத் துப்பாக்கிதான் கருவி. அவரை நேசிப்பவர்கள் இதைச் சொல்வதில்லை. நானும் எங்கள் பறவை நண்பர்களிடம் சொன்னதில்லை.

இறங்கி வந்து டீ குடித்தபோது மகள் கேட்டாள். "இவரு ஐயர் வேலையே பாக்கலையா? எப்பவும் குருவி, ஆமைன்னே இருக்கு." நல்ல கேள்வி. நாளைக்கு எழுதுகிறேன்.

மூன்றாம் நாள், சனி: ஃபேரிங்டன்

இன்று மாப்பிள்ளையும் வந்தார், பேரனும் வந்தான். செல்போர்னுக்கும் ஆல்டனுக்கும் நடுவே உள்ள சின்ன ஊர் ஃபேரிங்டன். 1761லிருந்து இருபது வருஷத்துக்கு மேல் ஒயிட் உதவிக்குருவாக வேலை பார்த்தது இந்தச் சேகரத்தில்தான், அதாவது இந்த ஊர் ஆலயத்துக்கு உட்பட்ட சபை வட்டாரத்தில். வீட்டிலிருந்து இரண்டு சொச்சம் மைல், குதிரையில் வருவார். வண்டியில் ஏறினால் அவருக்குக் குமட்டும். ரிங்மர் ஆமைக்காக 80 மைல் வண்டியில் வந்தார் என்றால் அது எவ்வளவு பெரிய தியாகம் பாருங்கள்.

அவர் வந்துபோன பாதைகள் சாதாரணப் பாதை அல்ல. வண்டிச் சக்கரமும் மழைத் தண்ணியும் நூற்றாண்டுக் கணக்கில் அரித்து, வயல் மட்டத்துக்கு 16, 18 அடி கீழே இறங்கிவிட்ட பள்ளச் சந்துகள் என்று எழுதியிருக்கிறார். பக்கச்சுவரில் மரவேர்கள் பாம்புபோல் பின்னிக் கிடக்கும். அப்படி ஒரு சந்துக்குள் இன்று கொஞ்ச தூரம் நடந்தோம். தலைக்கு மேலே மரங்கள் கைகோத்து, உள்ளே நடுப்பகலில் அந்தி. பேரன் கத்திக் கத்தி எதிரொலி பார்த்தான். ஒயிட்டும் எதிரொலியைச் சோதித்தவர், லத்தீன் வரிகளைக் கத்தி எத்தனை அசை திரும்பி வருகிறது என்று எண்ணியவர் என்று சொன்னேன். "தாத்தா, அவர் ரொம்பக் கத்துவாரா?" என்றான்.

ஆலயம் சகல பரிசுத்தவான்கள் பெயரில். முற்றத்தில் உள்ளே பொந்தான கிழட்டு யூ மரங்கள். ஓர் ஆள் உள்ளே நுழைந்து நிற்கலாம். பேரன் நின்றான். கதவு திறந்திருந்தது, உள்ளே ஒருவரும் இல்லை. பிரசங்க பீடத்துக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்துதான் நேற்றைய கேள்விக்கு பதில் சொன்னேன்.

குரு வேலை பார்த்தார். ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம், ஞாயிறு ஆராதனை எல்லாம் வாழ்நாள் முழுக்கச் செய்தார். ஆனால் எந்த ஊரை நேசித்தாரோ அந்த ஊருக்கு விகார் ஆக அவரால் முடியவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அவர் படித்த கல்லூரி தப்பு.

அந்தக் காலத்தில் ஒரு சேகரத்துக்கு யாரைக் குருவாகப் போடுவது என்பது பல இடங்களில் பேராயர் கையில் இல்லை. நிலவுடைமைபோல் அது ஒரு சொத்துரிமை. பண்ணையாரிடம் இருக்கும், கல்லூரியிடம் இருக்கும். செல்போர்னில் 1233ல் தொடங்கிய மடம் ஒன்று இருந்தது. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது நொடித்துப்போய், சொத்தெல்லாம் ஆக்ஸ்ஃபோர்டின் மாக்டலன் கல்லூரிக்குப் போயிற்று. அதோடு விகாரை நியமிக்கும் உரிமையும் போயிற்று. மாக்டலன் தன் ஆட்களைத்தான் அனுப்பும். தாத்தா மாக்டலன்காரர், அதனால் விகாரானார். பேரன் ஓரியல் கல்லூரியில் சேர்ந்தார், 1744ல் அங்கே ஃபெல்லோவும், அதாவது கல்லூரி வருமானத்தில் பங்கு பெறும் உறுப்பினரும் ஆனார். கதவு அன்றே சாத்தியாயிற்று.

சரி, வேறு ஊரில் நல்ல பதவி கிடைக்காதா என்றால், கிடைக்கும். 1749ல் முழுக் குருப்பட்டம். 1752ல் பல்கலைக்கழகத்தில் பிராக்டர், அதாவது மாணவர்களைக் கட்டுப்பாட்டில் வைக்கும் அதிகாரி. 1757ல் ஓரியலின் தலைவர் பதவிக்கே போட்டியிட்டுத் தோற்றார். ஆக ஆசையே இல்லாத சந்நியாசி என்று இவரைச் சொல்ல வேண்டாம். அதன் பிறகு தன் முறைக்கு வந்த கல்லூரிப் பதவிகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தார். நல்ல வருமானமுள்ள சேகரத்தை ஏற்றால் ஃபெல்லோ பதவி போய்விடும், அந்த ஊருக்குக் குடியும் போகவேண்டும். கலியாணம் செய்தாலும் ஃபெல்லோ பதவி போய்விடும். அவர் கலியாணமும் செய்யவில்லை, குடியும் போகவில்லை. தம்பி தங்கைமார் பிள்ளைகளை மட்டும் எண்ணிக்கொண்டே வந்தார், அது அறுபதைத் தாண்டியது.

மாப்பிள்ளை பத்து வருஷத்தில் நாலு கம்பெனி மாறியவர். "அப்ப மாமா, அவரு கடைசிவரைக்கும் ப்ரொமோஷனே வாங்கலையா?" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். நான் மகளைப் பார்க்கவில்லை.

விஷயம் என்னவென்றால், நான் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து தலைமைக் காசாளராகவே ஓய்வு பெற்றவன். ஆபீசர் பதவி இரண்டு தடவை வந்தது. வாங்கினால் முதலில் எங்கேயோ வடக்கே மூன்று வருஷம். பாளையங்கோட்டையையும் குளத்தையும் விட்டுப் போகவேண்டும். இரண்டு தடவையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். கூடச் சேர்ந்தவர்கள் மேலாளராக வந்து எனக்கு மேலே உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவர், பெயர் வேண்டாம், என் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்து, "கொக்கு எண்ணத்தான் இவரு ப்ரொமோஷன் வேண்டாம்னாரு" என்று கவுண்டர் முழுக்கக் கேட்கச் சொன்னார். அதில் பொய்யும் இல்லை.

அதனால்தான் ஒயிட் மேல் எனக்கு ஒரு சாய்வு. சாய்வு இருப்பதால் அவர் கணக்கில் உள்ள கறையையும் சொல்லிவிடுகிறேன். நார்தாம்ப்டன்ஷயரில் மோர்ட்டன் பிங்க்னி என்ற ஊரின் குருப்பதவியை 1757லிருந்து சாகும்வரை வைத்திருந்தார். அங்கே குடியிருந்ததில்லை. ஒரு உதவிக்குருவைச் சம்பளத்துக்கு அமர்த்தி வேலை பார்க்கவைத்து, மீதி வருமானத்தை எடுத்துக்கொண்டார். சட்டப்படி தப்பில்லை, அன்று பலரும் செய்ததுதான். ஆனால் அந்த ஊரில் செத்துப்போன ஒரு கிழவியின் வீட்டார், நமக்கு உரிய ஐயர் எங்கே என்று கேட்டிருந்தால், ஐயர் செல்போர்னில் ஆமைக்கு முன்னால் நிற்கிறார் என்றுதான் யாராவது சொல்லியிருக்க வேண்டும். எங்கள் திருமண்டலத்தில் சில வருஷத்துக்கு ஒருமுறை ஐயர்மாரை மாற்றிவிடுவார்கள். பெட்டி கட்டியே அலுத்துப்போன ஐயரம்மாக்களை எனக்குத் தெரியும். நடுவில் ஏதாவது ஒரு வழி இருக்கக்கூடாதா என்று தோன்றும்.

திரும்பும் வழியில் சாட்டன். ஜேன் ஆஸ்டின் வீடு. அவர் அப்பாவும் இதே மாவட்டத்தில் குருவானவர்தான், ஸ்டீவன்டனில் ரெக்டர். வாசலில் பெரிய வரிசை. மகளும் மாப்பிள்ளையும் உள்ளே போனார்கள். நானும் பேரனும் வெளியே ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.

மூன்றாம் நாள் இரவு, தூக்கம் வரவில்லை

வங்கிக்காரனுக்குப் பிடித்த ஒரு கடிதத்தை எழுதாமல் விட்டுவிட்டேன். ஏழைகள் வீட்டில் மெழுகுவத்திக்குப் பதிலாகக் கோரை விளக்கு எரிப்பார்கள். ஓடைக்கரைக் கோரையைப் பறித்து, ஊறவைத்து, ஒரு நார் மட்டும் விட்டுத் தோலை உரித்து, வெயிலில் காயவைத்து, கொழுப்பில் முக்கி எடுப்பது. பன்றி இறைச்சி வேகவைத்த பானையில் மிதக்கும் கொழுப்பையே இதற்கு எடுத்துவைப்பார்கள். பறிப்பதும் உரிப்பதும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். கண் தெரியாதவர்கள்கூட விரல் பழக்கத்தில் உரிப்பார்கள் என்கிறார். பிறகு ஒரு பவுண்டு காய்ந்த கோரையை எடைபோட்டு, ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார். 1,600க்கு மேல் இருந்தது. ஒன்று அரை மணி நேரம் எரிந்தாலும் 800 மணி நேரம், அதாவது முழுதாக 33 நாளுக்கு மேல் வெளிச்சம். கொழுப்பு உட்பட எல்லாச் செலவும் மூன்று ஷில்லிங். மெழுகுவத்தி வாங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே காசு கரிந்துவிடும் என்று எழுதுகிறார்.

1,600 கோரையை உட்கார்ந்து எண்ணிய குருவானவர். சேகரத்து ஏழைகளைப் பற்றி அவர் பிரசங்கத்தில் என்ன சொன்னாரோ, இந்தக் கணக்கை நம்புகிறேன். ஊர் ஜனத்தையும் எண்ணினார். 1783 அக்டோபரில் 676 பேர்.

அதே வருஷம் கோடையில்தான் ஜூன் 23 முதல் ஜூலை 20 வரை ஊரை ஒரு விநோத மூட்டம் மூடியது. நடுப்பகல் சூரியன் மேகத்துக்குள் நிலா மாதிரி வெளிறி, தரையில் துரு நிறத்தில் வெளிச்சம் விழுந்ததாம். வெட்டிய இறைச்சி மறுநாளே கெட்டது. ஈக்கள் மொய்த்துக் குதிரைகள் மிரண்டன. ஜனங்கள் பயந்துபோனார்கள். ஐஸ்லாந்தில் லாக்கி எரிமலை வெடித்துக் கிளம்பிய புகை என்று இன்று தெரியும். ஒயிட்டுக்கு அது தெரியாது. தேதி போட்டு, காற்று எந்தத் திசை, வெயில் எவ்வளவு என்று எழுதிவைத்தார். அந்தக் குறிப்பை இன்றைக்கும் வானிலைக்காரர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள்.

நான்காம் நாள், ஞாயிறு: புனித மரியாள் ஆலயம்

இன்று ஆராதனைக்கே செல்போர்ன் போனோம். என் வீட்டம்மா இதுவரை இந்தப் பயணத்தில் வரவில்லை, முழங்கால். ஆராதனை என்றதும் கிளம்பிவிட்டாள். பட்டுச்சேலை, மேலே மருமகன் வாங்கிக்கொடுத்த தடித்த கோட்டு. எங்களையும் சேர்த்து இருபத்தைந்து பேர் இருப்போம். ஜெபங்களின் வரிசை நமக்குப் பழகியதுதான், வார்த்தை மட்டும் ஆங்கிலம். ஒயிட் வாசித்தது 1662ஆம் ஆண்டு பொது ஜெப புத்தகம். அதன் தமிழைக் கேட்டுத்தான் நாங்களும் வளர்ந்தோம். 1785ல் இவர் இங்கே கடைசித் தடவையாக உதவிக்குரு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, பாளையங்கோட்டையில் கிளாரிந்தா அம்மாள் கட்டிய ஆலயத்தை ஷ்வார்ட்ஸ் ஐயர் பிரதிஷ்டை செய்தார். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட எனக்கு வழியில்லை. ஒரே வருஷம், அவ்வளவுதான். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மனசு அங்கேயும் இங்கேயும் போய் வந்தது.

கடைசித் தடவை என்றேன். செல்போர்னில் அவர் உதவிக்குருவாக இருந்தது மொத்தம் நான்கு தடவை. விகார் ஊரில் இல்லாதபோது, அல்லது ஆள் தேவைப்பட்டபோது கூப்பிடுவார்கள். நண்பரான எட்டி என்ற விகார் 1784ல் இறந்தார். அடுத்து வந்தவர் ஊரில் தங்கவில்லை. மறுபடி ஒயிட்தான். அறுபத்து நாலு வயதில் சொந்த ஊரில் திரும்பவும் உதவிக்குரு. இந்த ஆண்டுகளில்தான் புத்தகம் வந்தது. 1788 கடைசியில் வெளியாகி, உள்ளே 1789 என்று அச்சானது. லண்டனில் புத்தக வியாபாரம் செய்த தம்பி பெஞ்சமின்தான் பதிப்பாளர். அதற்குள் முதல் கடிதம் எழுதி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவசரப்படுகிற மனுசர் இல்லை.

ஆராதனை முடிந்து ஆலயத்தைச் சுற்றினோம். தெற்கே ஒரு ஜன்னலில் புனித பிரான்சிஸ் பறவைகளோடு நிற்கிறார். ஒயிட் நினைவாக 1920ல் வைத்த வண்ணக் கண்ணாடி. அவர் எழுதிய பறவைகள்தான் அதில் எல்லாம். பேரன் விரல்விட்டு எண்ணி முப்பதுக்கு அப்புறம் விட்டுவிட்டான்.

முற்றத்தில் யூ மரத்தின் அடிமரம் நிற்கிறது, மேலே ஒன்றும் இல்லை. ஒயிட் அளந்தபோது சுற்றளவு 23 அடி. 1990 ஜனவரிப் புயலில் சாய்ந்தது. ஊரார் விடவில்லை. கிளையை வெட்டி, தூக்கி நிறுத்தி, திரும்ப நட்டுப் பார்த்தார்கள். பிழைக்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், இதே கதை ஒயிட் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆலயத்துக்கு முன்னால் பிளஸ்டர் என்று ஒரு சின்ன மைதானம். அதன் நடுவில் ஒரு பெரிய ஓக் மரம், அடியில் கல் திண்ணை, சாயங்காலம் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள், பிள்ளைகள் சுற்றி ஆடுவார்கள். 1703 புயலில் அது விழுந்தது. அன்றைய விகார் காசு செலவழித்து நிமிர்த்தி நட்டார். கொஞ்ச நாள் துளிர்த்துவிட்டுப் பட்டுப்போயிற்று. அந்த விகார்தான் தாத்தா கில்பர்ட் ஒயிட். எங்கள் தெருமுனை ஆலமரத்தைச் சாலைக்காக வெட்டியபோது நாங்கள் ஒரு மனுதான் கொடுத்தோம்.

கல்லறை வடக்குப் பக்கம். தேடிப்பிடிக்கவேண்டியிருந்தது. முழங்கால் உயரம்கூட இல்லாத கல். ஜி. டபிள்யூ., 26 ஜூன் 1793. வேறு ஒரு வார்த்தை கிடையாது. என் வீட்டம்மா குனிந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு எழுதின மனுசன் தனக்கு ஒண்ணும் எழுதிக்கல பாருங்க" என்றாள். அந்த ஜூன் மாதத்திலும் அவர் ஊரில் அடக்க ஆராதனை நடத்தியிருக்கிறார். நாட்குறிப்பின் கடைசிப் பதிவு ஜூன் 15.

மணி பதினொன்றே முக்கால். கோபுரத்துக்கு மேலே கீச்சென்று ஒரு சத்தம். உழவாரக் குருவி! ஆப்பிரிக்காவிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருக்கும். உழவாரனும் அதே சாயலுள்ள தகைவிலானும் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்பதுதான் ஒயிட்டைக் கடைசிவரை அலைக்கழித்த கேள்வி. ஜிப்ரால்டரில் குருவாக இருந்த தம்பி ஜான், தகைவிலான்கள் கடலைத் தாண்டிப் போவதைப் பார்த்து எழுதினார். இவர் நம்பினார். ஆனாலும் சில இங்கேயே பொந்துக்குள் தூங்குமோ என்ற சந்தேகம் விடவில்லை. 1781 வசந்தத்தில் ஆள் வைத்துக் குன்றுச் சரிவில் புதர்களைக் கிளறித் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. இங்கிலாந்தில் காலில் வளையம் மாட்டிய ஒரு தகைவிலான் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் பிடிபட்டது 1912ல்தான். நம்மூர் வயல்களின் மின்கம்பியில் ஐப்பசியில் வந்து வரிசையாக உட்காருவதும் அதே இனம்தான், வடக்கே வேறு எங்கிருந்தோ வருகிறது.

உழவாரனை மட்டும் அவர் சரியாகப் பிடித்தார். பறந்துகொண்டே இணைசேரும் பறவை என்று முதலில் எழுதியவர் அவர். ஊரில் ஆண்டுதோறும் எட்டு ஜோடிதான், பாதி ஆலயத்தில், மீதி கூரை வீடுகளில் என்று எண்ணிவைத்தார். வருஷா வருஷம் குஞ்சு பொரித்தும் எட்டு எட்டாகவே இருக்கிறதே, மிச்சமெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டார்.

வீட்டம்மாவும் மகளும் காருக்குப் போய்விட்டார்கள். பேரனும் நானும் கல்லறைகளுக்கு நடுவே புல்லில் மல்லாந்து படுத்து எண்ணினோம். அவன் ஏழு என்றான். ஒன்றையே இரண்டு தடவை எண்ணுகிறான் என்று சொன்னேன். மறுபடி முதலிலிருந்து எண்ணினோம். நோட்டில் எழுதியது: உழவாரன் 5, செல்போர்ன் ஆலயம், காலை 11.52, மேகமூட்டம், காற்று தென்மேற்கு.